ஓட்டோகேட்: யுனிட்ஸில் தசமதானத்தைக் குறைத்தும் டிமென்ஷன் மாறவில்லை, பேர்ச்சஸும் பிளானோடு ஒத்துவரவில்லை

ஹட்டன்_டிராஃப்ட் எழுதியது:

வணக்கம். ஹட்டன் பக்கம் 7 பேர்ச்சஸ் காணி ஒன்றுக்கு ஓட்டோகேட் வரைபட மென்பொருளில் வீட்டு பிளான் வரைகிறேன். நில அளவையாளர் தந்த டி.டபிள்யூ.ஜி. கோப்பின் மேலேயே வேலை நடக்கிறது. அலகு மீற்றர். பிரதேச சபைக்குக் கொடுக்குமுன் சரிசெய்ய வேண்டிய சிக்கல்கள் இவை:

யுனிட்ஸ் கொமாண்டில் பிரிசிஷனை 0.0 ஆக்கினேன். டிமென்ஷன் (அளவுக்குறிப்பு) எதுவும் அசையவில்லை, இன்னும் 3.3333 என்றே நிற்கிறது. ஆனால் காணியின் நடுவில் ஃபீல்டாக (தானாகக் கணக்கிட்டுக் காட்டும் எழுத்தாக) போட்டிருந்த பரப்பளவு 177.46 இலிருந்து 177.5 ஆகிவிட்டது. மாறவேண்டியது மாறவில்லை, மாறக்கூடாதது மாறிவிட்டது.

பிறகு கொமாண்ட் லைனில் டிம்டெக் என்று அடித்து 2 கொடுத்தேன். அதற்குப் பிறகு போடும் டிமென்ஷன்கள் இரண்டு தசமதானத்தில் வருகின்றன, பழையவை அப்படியே இருக்கின்றன. சிலவற்றில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி விழுந்து 3,33 என்றும் வருகிறது.

10.00 மீற்றர் நீளத்தைச் சமமாக மூன்றாகப் பிரித்தேன். 3.33 என்று மூன்று தடவை எழுதினால் கூட்டுத்தொகை 9.99. பிளானைப் பார்க்கிறவர் கேட்டால் என்ன சொல்வது?

யுனிட்ஸைத் தொடுமுன், கீழ்ப்பக்க எல்லையில் தூரம் அளக்கும் டிஸ்ட் கொமாண்ட் 12.258 சொன்னது. அதே இரு புள்ளிகளுக்கும் டிமென்ஷன் 12.00 சொல்கிறது. இதுவும் பிரிசிஷன் கோளாறுதானா?

கடைசியாக, 177.46 சதுர மீற்றரைப் பேர்ச்சஸ் ஆக்கினால் எனக்கு 7.02 வருகிறது. அளவைப் பிளானில் 0.0177 ஹெக்டெயர் என்று இருக்கிறது, அதை மாற்றினால் 7.00. எதை எழுதுவது?


பண்டாரவளை_கேட் எழுதியது:

முதல் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். காணிக் கணக்கைச் சேர்வே வேலை தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும்.

ஓட்டோகேட்டில் தசமதானத்தைத் தீர்மானிக்கும் இடம் ஒன்றல்ல. யுனிட்ஸ் டயலொக்கில் நீங்கள் மாற்றியது எல்யுபிரெக் என்ற மாறி. அது ஆளுவது திரையின் அடியில் ஓடும் ஆள்கூறு, லிஸ்ட், டிஸ்ட், ஏரியா கொமாண்ட்கள் தரும் விடை, புரொப்பர்டீஸ் பெட்டியில் தெரியும் எண்கள் ஆகியவற்றை. டிமென்ஷனுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. டிமென்ஷனின் தசமதானம் டிம்டெக் என்ற வேறொரு மாறியில் இருக்கிறது, அது டிமென்ஷன் ஸ்டைலுக்குச் சொந்தம். ஃபீல்ட் மூன்றாவது ரகம். அதைச் செருகும்போது பிரிசிஷன் பட்டியலில் "கரன்ட் பிரிசிஷன்" என்பதை விட்டுவைத்தால் எல்யுபிரெக்கைப் பின்தொடரும், அதனால்தான் உங்கள் 177.46 மாறியது. அந்த எழுத்தை இருமுறை கிளிக் செய்து, ஃபீல்டின் மேல் மறுபடியும் இருமுறை கிளிக் செய்து, ஃபோர்மட் டெசிமல், பிரிசிஷன் 0.00 என்று உறுதியாகத் தெரிவுசெய்யுங்கள். பிறகு யுனிட்ஸில் எதை மாற்றினாலும் அது அசையாது.

இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் கோட்டின் உண்மை நீளம் மாறாது. கோப்புக்குள் ஒவ்வொரு ஆள்கூறும் ஏறத்தாழ 15, 16 இலக்கங்களோடு கிடக்கிறது. நாம் மாற்றுவது அதில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை மட்டும்.

டிம்டெக்கைக் கொமாண்ட் லைனில் அடித்தால் அது ஸ்டைலைத் திருத்துவதில்லை. நடப்பு ஸ்டைலின் மேல் ஒரு தற்காலிக ஓவர்ரைட்டை ஏற்றிவைக்கிறது. டிம்ஸ்டைல் திறந்து பாருங்கள், உங்கள் ஸ்டைலின் அடியில் "ஸ்டைல் ஓவர்ரைட்ஸ்" என்று ஒரு கிளை முளைத்திருக்கும். இனிமேல் போடுவதற்கு மட்டுந்தான் அது செல்லும். அதன்மேல் வலது கிளிக், "சேவ் டு கரன்ட் ஸ்டைல்". அந்த ஸ்டைலில் இருக்கும் பழைய டிமென்ஷன் எல்லாம் ஒரேயடியாக இரண்டு தசமதானத்துக்கு வந்துவிடும்.

ஒழுங்கான வழி என்றால் டிம்ஸ்டைல், ஸ்டைலைத் தெரிவுசெய்து மொடிஃபை, பிரைமரி யுனிட்ஸ். அங்கே பிரிசிஷன் 0.00. அதே பக்கத்தில் டெசிமல் செபரேட்டர் காற்புள்ளியாக இருந்தால் புள்ளி ஆக்குங்கள். மெட்ரிக் டெம்ப்ளேட்டோடு வரும் ஐ.எஸ்.ஓ.-25 ஸ்டைலுக்குக் காற்புள்ளிதான் இயல்பு. நம் நாட்டில் 3,330 என்றால் மூவாயிரத்து முந்நூற்று முப்பது என்று வாசிப்பார்கள், ஆகவே இதை விட்டுவைக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் கீழே ஸீரோ சப்ரெஷனில் டிரெய்லிங் என்பதில் சரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 3.50 என்பது 3.5 என்றும் 12.00 என்பது வெறும் 12 என்றும் அச்சாகும், ஒரே தாளில் எண்கள் பல நீளத்தில் நிற்கும்.

இதெல்லாம் செய்தும் அடங்காத டிமென்ஷன்கள் சில இருக்கும். காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று:

அந்த டிமென்ஷனுக்குத் தனியாகப் புரொப்பர்டீஸ் வழியே யாரோ பிரிசிஷன் கொடுத்திருப்பார்கள். ஸ்டைலைவிட அதற்குத்தான் பலம். சரியான ஸ்டைலை நடப்பு ஸ்டைலாக்கிவிட்டு, அனொடேட் தாவலில் உள்ள அப்டேட் பொத்தானை அழுத்தி, எல்லா டிமென்ஷனையும் தெரிவுசெய்து என்டர். இதே வேலையைக் கொமாண்ட் லைனில் செய்ய, முன்னால் சிறுகோடு போட்ட டிம்ஸ்டைல், அதில் அப்ளை. இரண்டும் தெரிவுசெய்த எல்லாவற்றையும் நடப்பு ஸ்டைலுக்கே மாற்றிவிடும் என்பதை மறந்துவிட வேண்டாம். வெவ்வேறு ஸ்டைல் இருந்தால் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பூட்டிய லேயரில் இருப்பவை அகப்படாது.

ஸ்டைலுக்குக் கீழே லீனியர், அங்குலர் என்று குட்டி ஸ்டைல்கள் இருக்கலாம். குட்டிக்கு என்று தனியாகப் பிரிசிஷன் கொடுத்திருந்தால் தாயில் செய்யும் மாற்றம் அதற்குப் போகாது. டிம்ஸ்டைல் பட்டியலில் பெயருக்குள் ஒதுங்கி நிற்கும் அந்தக் கிளைகளையும் திறந்து பார்க்க வேண்டும்.

எண்ணையே கையால் அடித்திருப்பார்கள். இதுதான் ஆபத்தானது. எல்லா டிமென்ஷனையும் தெரிவுசெய்து கன்ட்ரோல் 1 அழுத்தி டெக்ஸ்ட் ஓவர்ரைட் வரியைப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் நல்லது. "வேரீஸ்" என்று காட்டினால் எங்கேயோ கையால் அடித்த எண் இருக்கிறது. அந்த வரியை அழித்தாலோ அல்லது <> என்று போட்டாலோ உண்மை அளவு திரும்பி வரும். வரும்போது அது பக்கத்துச் சுவரை மீறிய அளவாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதை மறைக்கத்தான் முன்னே யாரோ அடித்திருப்பார்கள்.

எக்ஸ்ப்ளோட் ஆன டிமென்ஷனுக்கு மருந்து இல்லை. அது வெறும் கோடும் எழுத்தும். அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.


ஊவா_வரைபலகை எழுதியது:

3.33 மூன்று சேர்ந்து 9.99 ஆவதற்கு ஒரு சுருக்கு வழி: பிரைமரி யுனிட்ஸ் பக்கத்திலேயே ரவுண்ட் ஆஃப் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் 0.05 போட்டால் எல்லா அளவும் 5 சென்ரிமீற்றருக்கு மட்டந்தட்டப்பட்டு அழகாக வரும். பாஸ்மாருக்கும் (மேசன்மாருக்கும்) டேப்பில் பிடிக்க வசதி.


பண்டாரவளை_கேட் எழுதியது:

@ஊவா_வரைபலகை, இந்தக் கணக்குக்கு அது ஆகாது. 3.3333 ஐ 0.05 க்கு மட்டந்தட்டினால் 3.35. மூன்று சேர்ந்தால் 10.05, மொத்த டிமென்ஷன் 10.00. ஒரு சென்ரிமீற்றர் இடித்தது ஐந்து சென்ரிமீற்றர் இடிக்கும். 0.005 போட்டாலும் 3.335, மூன்று சேர்ந்து 10.005. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே மட்டந்தட்டுகிற எந்த முறையும் கூட்டுத்தொகையைக் காப்பாற்றாது.

ரவுண்ட் ஆஃப் பெட்டியைப் பொதுவாகவே 0 இல் விட்டுவைப்பதுதான் என் பழக்கம். 2.987 இல் நிற்கும் சுவரை 3.00 என்று காட்டிவிடும், பிழை திரையில் தெரியாமல் அத்திவாரம் வரைக்கும் போகும். இன்னொரு பொறி: மில்லிமீற்றரில் வரைந்த கோப்பில் 5 என்று போட்ட ஸ்டைலை மீற்றர் கோப்புக்குக் கொப்பி செய்தால் 3.33 என்பது 5.00 ஆகவும் 2.40 என்பது 0.00 ஆகவும் வரும். டிமென்ஷன் பாதிக்குமேல் பூச்சியமாகவும் ஐந்தாகவும் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தப் பெட்டி, அடுத்தது ஸ்கேல் ஃபக்டர்.

@ஹட்டன்_டிராஃப்ட், தீர்வு வரைபடத்திலேதான். மூன்றும் கணிதப்படி சமமாக இருந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் தூண் மையங்களை 3.335, 3.330, 3.335 என்று நகர்த்துங்கள். கூட்டினால் சரியாக 10.000. டிமென்ஷனை மூன்று தசமதானத்துக்கு வையுங்கள், அல்லது மில்லிமீற்றராகவே காட்டுங்கள்: பிரைமரி யுனிட்ஸில் ஸ்கேல் ஃபக்டர் 1000, பிரிசிஷன் 0. கட்டட பிளானுக்கு எனக்குப் பிடித்தது இதுதான், புள்ளி எங்கே என்ற சண்டையே வராது. சமமாகத்தான் இருக்க வேண்டும் என்றால் தனித்தனி எண் போடாமல் மூன்று இடத்திலும் "சமம்" என்று எழுதி, மொத்தத்துக்கு மட்டும் 10.00 போடுங்கள். மேலே கையால் அடிக்கக் கூடாது என்று சொன்னேன், அது எண்ணுக்கு. இந்தச் சொல்லைக் கையால் அடிப்பதில் தப்பில்லை.

நகர்த்தும்போதே ஒரு சோதனையும் செய்துகொள்ளுங்கள். யுனிட்ஸில் நீளத்தின் பிரிசிஷனை எட்டுத் தசமதானத்துக்கு ஏற்றி, தூண் மையத்திலிருந்து தூண் மையத்துக்கு டிஸ்ட் போடுங்கள். 3.33500000 வந்தால் ஒஸ்நாப் (புள்ளியைச் சரியாகப் பிடிக்கும் வசதி) ஒழுங்காகப் பிடித்திருக்கிறது. 3.33512874 மாதிரி ஏதாவது வந்தால் கண்ணால் குத்து மதிப்பாகக் கிளிக் செய்த புள்ளி. கோணத்தையும் லிஸ்ட் போட்டுப் பாருங்கள், 90 க்குப் பதில் 89.98 வந்தால் அந்தச் சுவர் சதுரமில்லை. சோதித்த பிறகு பிரிசிஷனை மறுபடி இறக்கிவிடலாம்.


திசைகோள் எழுதியது:

நுவரெலியாப் பக்கம் சேர்வே வேலை. மீதிக் கேள்விகளுக்கு வருகிறேன்.

டிஸ்ட் 12.258, டிமென்ஷன் 12.00 என்பது பிரிசிஷன் பிரச்சினையே இல்லை. மலைநாட்டில் வரைகிற எல்லோரும் ஒருநாள் இதில் வந்து முட்டுவார்கள். அளவைக் கோப்பில் உள்ள புள்ளிகளுக்கு உயரமும் இருக்கிறது. டிஸ்ட் கொமாண்ட் அந்த உயர வித்தியாசத்தையும் சேர்த்துச் சாய்வுத் தூரத்தைச் சொல்கிறது. டிமென்ஷன் கிடைத்தளத்தில் விழும் தூரத்தைச் சொல்கிறது. உங்கள் எண்ணை எடுத்தால் கிடைத்தூரம் 12.000, ஏற்றம் ஏறத்தாழ 2.500. வர்க்கங்களைக் கூட்டினால் 144 உம் 6.25 உம் 150.25, அதன் வர்க்கமூலம் 12.258. டிஸ்ட் விடையின் கீழ்வரியில் டெல்ட்டா எக்ஸ், டெல்ட்டா வை, டெல்ட்டா இஸட் என்று மூன்று எண் வரும். கடைசி எண் பூச்சியம் இல்லையென்றால் நீங்கள் சரிவை அளக்கிறீர்கள். லைனைத் தெரிவுசெய்து புரொப்பர்டீஸில் பார்க்கும் நீளமும் இதே சாய்வு நீளந்தான்.

பிளானில் எழுதுவது கிடைத்தூரம். காணியின் பரப்பளவும் கிடைத்தளப் பரப்பளவே. சொந்தக்காரர் டேப்பைச் சரிவோடு படியவைத்து அளந்துவிட்டு "பிளானில் 26 சென்ரிமீற்றர் குறைகிறதே" என்று வந்தால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

வரையும்போது தப்ப ஒஸ்நாப்இஸட் என்ற மாறியை 1 ஆக்குங்கள். அதன்பின் எந்த உயரத்தில் உள்ள புள்ளியைப் பிடித்தாலும் நடப்பு எலிவேஷன், சாதாரணமாக 0, எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே வரைந்த சுவர்க்கோடுகள் உயரத்தில் தொங்கினால் எக்ஸ்பிரஸ் டூல்ஸில் ஃபிளட்டன் இருக்கிறது. ஆனால் அதை அளவைக் கோப்பின் பிரதி ஒன்றில் மட்டும் செய்யுங்கள். சமவுயரக் கோடுகளிலும் புள்ளி உயரங்களிலும் ஓட்டிவிட்டால் உயரம் எல்லாம் போய்விடும், பிறகு தடுப்புச் சுவருக்கு மட்டம் எடுக்க எதுவும் மிஞ்சாது.

இனிப் பேர்ச்சஸ். 1 ஏக்கர் 4046.8564224 சதுர மீற்றர், அது 160 பேர்ச்சஸ். ஆகவே 1 பேர்ச் 25.29285264 சதுர மீற்றர். சதுர மீற்றரைப் பேர்ச்சஸ் ஆக்கும் காரணி 0.039536861. ஃபீல்டில் அடிஷனல் ஃபோர்மட் பொத்தானை அழுத்தி கொன்வேர்ஷன் ஃபக்டரில் இதை முழுதாக அடியுங்கள். 0.04 என்று அடித்தால் 177.46 க்கு 7.10 வரும். 0.0395 என்றால் 7.01. முழுக் காரணியில் 7.02. மில்லிமீற்றர் கோப்பில் இதே காரணியை இன்னும் பத்து இலட்சத்தால் வகுக்க வேண்டும்.

7.02 உம் 7.00 உம் ஏன் வேறுபடுகின்றன? 0.0177 ஹெக்டெயர் என்பது ஏற்கெனவே மட்டந்தட்டிய எண். ஹெக்டெயரில் நாலாம் தசமதானம் என்றால் 1 சதுர மீற்றர். 176.5 முதல் 177.5 வரை எதுவும் அங்கே 0.0177 தான். அந்த ஒரு சதுர மீற்றர் 0.04 பேர்ச்சஸ். மட்டந்தட்டிய எண்ணை வேறு அலகுக்கு மாற்றி, இரண்டாந்தடவை மட்டந்தட்டினால் இப்படித்தான் இழுபடும். மாற்றுவதென்றால் எப்போதும் சதுர மீற்றரின் முழு எண்ணிலிருந்து மாற்றுங்கள்.

அதற்காக 7.016 என்று மூன்று தசமதானத்தில் எழுதவும் வேண்டாம். இப்படியான காணியின் சுற்றளவு 53 மீற்றர் அளவில் இருக்கும். எல்லை முழுவதும் வெறும் 5 மில்லிமீற்றர் வெளியே தள்ளினால் பரப்பளவு 0.27 சதுர மீற்றர் கூடும், அதாவது 0.01 பேர்ச்சஸ். எல்லைக் கல்லின் தலையே அதைவிட அகலம். மூன்றாம் தசமதானத்தில் தகவல் எதுவும் இல்லை.

எதை எழுதுவது என்று கேட்டீர்கள். கட்டட பிளானில் காணியின் விஸ்தீரணம் என்று போடும் இடத்தில், கையொப்பமிட்ட அளவைப் பிளானில் உள்ள எண்ணை, அதே அலகில், அதே தசமதானத்தில், பிளான் இலக்கத்தோடு எழுதுங்கள். எல்லையைச் சுற்றி நீங்கள் வரைந்த போலிலைன் (தொடர்கோடு) தரும் 177.46 கட்டடம் காணியில் எத்தனை வீதம் பிடிக்கிறது என்ற கணக்குக்கு உதவும். விஸ்தீரணத்தை அறிவிக்கும் பொறுப்பு அளவையாளருடையது. வித்தியாசம் 1 சதுர மீற்றரைத் தாண்டினால் மட்டும் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அப்போது காரணம் மட்டந்தட்டல் அல்ல, ஏதோ ஒரு மூலையைப் பிழையாகப் பிடித்திருப்பீர்கள்.


ஹட்டன்_டிராஃப்ட் எழுதியது:

மிக்க நன்றி. ஓவர்ரைட்டைச் சேவ் செய்ததும் டிமென்ஷன் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. கையால் அடித்த எண்களும் அகப்பட்டன. டெல்ட்டா இஸட் 2.500 தான்.

இரண்டு கேள்வி மிச்சம். எல்லைக் கோட்டின் திசைகோளை (வடக்கிலிருந்து அளக்கும் கோணத்தை) யுனிட்ஸில் எத்தனை தானத்துக்கு வைப்பது? அடுத்து, ஆள்கூறுகள் 480,000 க்கும் 488,000 க்கும் பக்கத்தில் பெரிய பெரிய எண்களாக இருக்கின்றன. படத்தை 0,0 க்கு நகர்த்திவிட்டால் துல்லியம் கூடுமா?

பாஸ் அடி, அங்குலத்திலும் வேண்டும் என்கிறார். அதற்கும் ஒரு வழி சொன்னால் நல்லது.


திசைகோள் எழுதியது:

நகர்த்தவே வேண்டாம். அவை தேசிய ஆள்கூறுகள். நாட்டின் 1999 ஆள்கூற்று வலைப்பின்னலின் தொடக்கம் பிதுருதலாகலை மலையில் இருக்கிறது, அந்த இடத்துக்கு 500,000, 500,000 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். ஹட்டன் அதற்கு மேற்கே ஏறத்தாழ 19 கிலோமீற்றரும் தெற்கே 12 கிலோமீற்றரும் என்பதால் உங்களுக்கு அந்த எண்கள் வருகின்றன. பழைய வலைப்பின்னலில் அதே தொடக்கத்துக்கு 200,000, 200,000. ஒரு கோப்பு 480,000 என்றும் இன்னொன்று 180,000 என்றும் வந்தால் குழம்ப வேண்டாம், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டவும் வேண்டாம். 300,000 ஐக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தப்பு. இரண்டும் வேறு கணிப்புகள், முறையாக மாற்ற வேண்டும்.

ஆறு இலக்க முழு எண்ணுக்குப் பிறகும் கோப்பில் ஒன்பது, பத்துத் தசமதானம் மிஞ்சும். துல்லியத்துக்காக நகர்த்தத் தேவையே இல்லை. சுவர் நேராக நிற்க வசதி வேண்டுமென்றால் யூ.சி.எஸ். ஐ (வரைபவர் வைத்துக்கொள்ளும் ஆள்கூற்று அச்சை) வீட்டின் மூலையில் திருப்பி வைத்து வரையுங்கள். புள்ளிகள் தங்கள் இடத்திலேயே இருக்கும்.

திசைகோளுக்கு: யுனிட்ஸில் கோணத்தின் வகையைப் பாகை, நிமிடம், செக்கன் ஆக்குங்கள். டிரெக்ஷன் பொத்தானில் வடக்கு, வெளியே குளொக்வைஸ் பெட்டியில் சரி. பிரிசிஷன் பட்டியலில் செக்கன் வரை காட்டும் வரியைத் தெரிவுசெய்யுங்கள், செக்கனின் தசமம் வேண்டாம். ஏன் என்றால், 30 மீற்றர் கோட்டில் 1 நிமிடம் பிழைத்தால் மறுமுனை 9 மில்லிமீற்றர் விலகும். 1 செக்கன் என்றால் 0.15 மில்லிமீற்றர். நிமிடத்தோடு நிறுத்தினால் கொஞ்சம் முரடு, செக்கனுக்குக் கீழே போனால் வீண். அடிக்கும்போது பாகைக் குறிக்குப் பதில் ஆங்கில எழுத்து டி.

வேலை முடிந்ததும் வடக்கையும் குளொக்வைஸையும் பழையபடி திருப்பிவிடுங்கள். அந்த அமைப்பு கோப்போடு சேமிக்கப்படும். அடுத்தவர் திறந்து 90 என்று அடித்தால் கோடு மேலே போகாமல் வலப்பக்கம் ஓடும்.

தசமதானத்தைவிடப் பெரிய ஒன்று மலைநாட்டில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வலைப்பின்னல் தூரமும் நிலத்தில் டேப் காட்டும் கிடைத்தூரமும் ஒன்றல்ல. தொடக்கத்தில் அளவுக் காரணி 0.9999238. நுவரெலியா 1868 மீற்றர் உயரம் என்பதால் கடல்மட்டத்துக்கு இறக்கும்போது இன்னும் 0.00029 குறைகிறது. இரண்டும் சேர்ந்து 0.99963. நிலத்தில் 100 மீற்றர் இருப்பது வலைப்பின்னலில் 99.963. இதே காரணியை வைத்தாலும் உங்கள் 12 மீற்றர் எல்லையில் 4 மில்லிமீற்றர்தான், பரப்பளவில் 0.005 பேர்ச்சஸ், விட்டுவிடலாம். ஒரு தோட்டத்து வீதி 2 கிலோமீற்றர் என்றால் வித்தியாசம் 70 சென்ரிமீற்றரைத் தாண்டும். அப்போது டிமென்ஷனில் மூன்று தசமதானம் போட்டு வைத்திருப்பதில் என்ன பயன்? கோப்பு வலைப்பின்னல் தூரத்தில் இருக்கிறதா, நிலத் தூரத்தில் இருக்கிறதா என்று அளவையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.


பண்டாரவளை_கேட் எழுதியது:

அடி, அங்குலத்துக்கு: டிம்ஸ்டைல், மொடிஃபை, ஆல்டர்நேட் யுனிட்ஸ் தாவல், டிஸ்பிளே பெட்டியில் சரி. ஃபோர்மட் ஆர்க்கிடெக்சரல், பிரிசிஷன் 0'-0 1/8". மல்டிப்ளையரில் மீற்றர் கோப்புக்கு 39.37007874, மில்லிமீற்றர் கோப்புக்கு 0.03937008. அந்தப் பெட்டியில் 0.0394 என்று சுருக்கி அடித்தால் 10 மீற்றருக்கு 0.3 அங்குலம் கூடிவிடும். பிளேஸ்மென்டில் "பிலோ பிரைமரி வெல்யூ" போட்டால் மீற்றர் மேலேயும் அடி கீழேயும் வரும்.

பிரைமரியையே ஆர்க்கிடெக்சரல் ஆக்கிவிடாதீர்கள். ஓட்டோகேட் 1 அலகை 1 அங்குலமாக எடுத்துக்கொள்ளும். உங்கள் 3.5 மீற்றர் அறை 3 1/2" ஆகிவிடும். அதோடு டிம்டெக்கின் பொருளும் மாறும். டெசிமலில் 2 என்றால் இரண்டு தசமதானம், ஆர்க்கிடெக்சரலில் 2 என்றால் கால் அங்குலம், 3 என்றால் 1/8, 4 என்றால் 1/16.

கூட்டுத்தொகை இங்கேயும் காலை வாரும். 3.335, 3.330, 3.335 ஆகியவை 10'-11 1/4", 10'-11 1/8", 10'-11 1/4" என்று வரும். கூட்டினால் 32'-9 5/8". மொத்தம் 10.000 தனியாக 32'-9 3/4" காட்டும். 1/8 அங்குலம் என்பது 3 மில்லிமீற்றர்தான், ஆனாலும் தாளின் குறிப்புப் பகுதியில் "மீற்றர் அளவே செல்லும், அடி அளவு வசதிக்கு மட்டும்" என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள். சபைக்குப் போகும் பிரதியில் அடி அளவே வேண்டாம். ஸ்டைலைப் பிரதியெடுத்து "பாஸ்" என்று பெயர் வைத்து அதில் மட்டும் ஆல்டர்நேட்டைத் திறந்துகொள்ளுங்கள்.


தலவாக்கலை_மாணவர் எழுதியது:

லிப்ரேகேட் என்ற இலவச வரைபட மென்பொருளிலும் இதே மாதிரி இரண்டு இடமா? டிப்ளோமா பாடத்துக்கு அதுதான் இருக்கிறது.


ஊவா_வரைபலகை எழுதியது:

ஆமாம் தம்பி. ஒப்ஷன்ஸ் மெனுவில் கரன்ட் டிரோயிங் பிரிஃபரன்ஸஸ். யுனிட்ஸ் தாவலில் அலகும் பொதுப் பிரிசிஷனும், டைமென்ஷன்ஸ் தாவலில் டிமென்ஷனுக்கான அமைப்பும் இருக்கும். இரண்டையும் பாருங்கள். இந்த அமைப்பு திறந்திருக்கும் கோப்புக்கு மட்டும். ஓட்டோகேட்காரரோடு பரிமாறும்போது இரண்டிலும் திறக்கும் டி.எக்ஸ்.எஃப். கோப்பாகக் கொடுத்து வாங்குங்கள், வந்ததும் யுனிட்ஸ் தாவலில் மீற்றர்தானா என்று பார்த்துவிட்டு ஒரு தெரிந்த நீளத்தை அளந்து சரிபாருங்கள்.


ஹட்டன்_டிராஃப்ட் எழுதியது:

எல்லாம் சரிவந்தது, ஒன்றைத் தவிர. எல்லைக் கோடுகளின் நாலு டிமென்ஷன் மட்டும் இன்னும் நாலு தசமதானத்தில் நிற்கின்றன. அப்டேட் கொடுத்தால் தெரிவாகவே இல்லை. லேயர் பூட்டவில்லை.


பண்டாரவளை_கேட் எழுதியது:

அவை எக்ஸ்ரெஃப்பாக (வெளியிலிருந்து தொடுத்த கோப்பாக) இணைத்த கோப்பில் இருக்கும். டிம்ஸ்டைல் திறந்து, கீழே "டோன்ட் லிஸ்ட் ஸ்டைல்ஸ் இன் எக்ஸ்ரெஃப்ஸ்" பெட்டியில் சரி இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். கோப்பின் பெயரும் ஒரு நிமிர்ந்த கோடும் முன்னால் ஒட்டிய ஸ்டைல் ஒன்று தெரியும். அதை இங்கிருந்து திருத்த முடியாது. மூலக் கோப்பைத் திறந்து அங்கே ஸ்டைலின் பிரிசிஷனை மாற்றிச் சேமித்துவிட்டு, இங்கே வந்து எக்ஸ்ரெஃப் பட்டியலில் ரீலோட். அது அளவையாளரின் மூலக் கோப்பு என்றால் அதைத் தொட வேண்டாம். அந்த டிமென்ஷன் லேயரை மட்டும் இங்கே ஃபிரீஸ் செய்துவிட்டு நாலு எல்லைக்கும் உங்கள் ஸ்டைலில் புதிதாகப் போடுங்கள். போடுமுன் ஒஸ்நாப்இஸட் 1 இல் இருக்கிறதா பாருங்கள்.